லினக்ஸ் மின்ட்டுக்கு ஆன்டிவைரஸ் வாங்கவேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோனதால், என் பழைய 4 ஜிபி லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். எக்செல் ஃபைல்கள் தினமும் வரும், போகும். ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் வேண்டுமா?

பதில்: ஆன்டிவைரஸுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஃபயர்வாலை இன்றே ஆன் செய்யுங்கள்.

மின்ட்டில் ஃபயர்வால் கூடவே வருகிறது, ஆனால் ஆஃபில் இருக்கும். மெனுவில் 'ஃபயர்வால்' என்று தேடித் திறந்து, ஸ்டேட்டஸ் பட்டனைத் தள்ளினால் போதும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும். நீங்கள் இணையத்துக்குப் போவதைத் தடுக்காது. வீட்டில் ரவுட்டரே ஓரளவு காப்பாற்றிவிடும். அதே லேப்டாப்பை ரயில் நிலைய வைஃபையில் திறக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். 2024 செப்டம்பரில், லினக்ஸில் பிரின்ட் எடுக்க உதவும் கப்ஸ் மென்பொருளில் ஓட்டைகள் வெளிவந்தன. 631-ஆம் போர்ட் (நெட்வொர்க் இணைப்பு உள்ளே நுழையும் எண்ணிட்ட வாசல்) வழியாக வெளியாள் ஒரு போலி பிரின்டரைச் சேர்த்துவிடலாம். அதற்கு நீங்கள் பிரின்ட் கொடுத்தால் அவன் கட்டளை உங்கள் கணினியில் ஓடும். ஃபயர்வால் ஆனில் இருந்த கணினிகளில் அந்த போர்ட் மூடியே கிடந்தது.

இலவசமாகக் கிடைக்கும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் பெரும்பாலும் பிடிப்பது விண்டோஸ் வைரஸ்களைத்தான். எப்போதும் பின்னணியில் ஓடவிட்டால் 1 ஜிபிக்கு மேல் ரேம் தின்னும். உங்கள் 4 ஜிபி தாங்காது. ஆனால் ஒரு கடைக்காரர் அனுப்பிய எக்செல் ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் மேக்ரோ வைரஸ் உங்கள் கை வழியாக இன்னொருவரின் விண்டோஸுக்குப் போகக் கூடாதல்லவா? அதற்காக கிளாம்ஏவியை நிறுவி, ஃபைல்களை அனுப்பும் முன் அந்த ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 'பாஸ்வேர்ட் கேட்காமல் லினக்ஸில் எதுவும் நடக்காது' என்று பலர் நம்பியிருக்கிறார்கள். சிஸ்டம் ஃபைல்களை மாற்றத்தான் பாஸ்வேர்ட் வேண்டும். வாடிக்கையாளர் கணக்குகளும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் இருப்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில். நீங்கள் ஓடவிடும் பெரும்பாலான புரோகிராம்கள் அதைப் படிக்கலாம், யாரையும் கேட்காமல். 2025 ஜூலையில், ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் பயனர்கள் தாங்களே தொகுத்துப் பகிரும் ஏயூஆர் என்ற மென்பொருள் கிடங்கில், ஃபயர்பாக்ஸ் பெயரைத் தாங்கிய ஒரு பேக்கேஜுக்குள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் கேயாஸ் ராட் என்ற தீய மென்பொருள் இருந்தது. மின்ட் பயனருக்கு ஏயூஆர் இல்லை. ஆனால் ஏதோ ஒரு தளத்தில் பார்த்த கட்டளையை, கட்டளைகளை டைப் செய்யும் டெர்மினல் திரையில் அப்படியே ஒட்டினால் அதே ஆபத்துதான். எதை நிறுவினாலும் மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்தே நிறுவுங்கள்.

கீழே பேனலில் கேடயச் சின்னத்தில் புள்ளி தெரிந்தால் அப்டேட் காத்திருக்கிறது, அன்றே போட்டுவிடுங்கள். சாதாரண பயனரையும் அட்மின் ஆக்கிவிடும் பௌன்கிட் (PwnKit) என்ற ஓட்டை 2022 ஜனவரியில் வெளியானது. அது 2009 முதலே இருந்தது. அதை அடைத்தது அப்டேட்தான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்திருந்தால் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் புதியது வேலைக்கு வரும். லேப்டாப்பை வாரக்கணக்கில் மூடி மூடித் திறப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.