மந்திர வாள்சண்டை மொபைல் கேமை 9 வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

முதலில் ஸ்டோரில் உள்ள வயது மதிப்பீட்டைப் பாருங்கள். ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என ஐந்து படிகள். 7 என்றால் நிஜத்தன்மை இல்லாத, விவரமாகக் காட்டப்படாத சண்டை. 12-இல் கற்பனை உயிர்களைத் தாக்குவது இன்னும் கொஞ்சம் வெளிப்படையாக இருக்கும். 9 வயதுக்கு 12 போட்ட கேம் என்றால் நான் யோசிப்பேன்.

ஆனால் அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். கூகுள் பிளேயில் கேமை உருவாக்கியவர் நிரப்பும் கேள்விப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பீடு கிடைக்கிறது. சாட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என்ன பேசுவார் என்பது அதில் அடங்காது.

அரக்கன் வெட்டுப்பட்டுப் புகையாக மறைவதைவிட, எனக்குப் பெரிய கவலை கேமுக்குள் இருக்கும் கடைதான். காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். இப்படிப்பட்ட பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் முடிவு செய்தது. பெரியவர்களையே இழுக்கும் விஷயம் அது. தினமும் வந்தால்தான் பரிசு, குழுச் சண்டைக்குக் குறித்த நேரத்தில் வர வேண்டும் என்பதெல்லாம் குழந்தையை விடாமல் பிடித்து வைக்கும் வேலைகள்.

அதனால் நீங்களே சில நாள் விளையாடிப் பாருங்கள். ஆரம்பக் கட்டங்கள் தாராளமாகவே இருக்கும்; தோற்ற பிறகு என்ன காட்டுகிறது என்று கவனியுங்கள். தோற்றதும் காசு கேட்டால் வேண்டாம். சரி, பிடித்திருந்தால் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டு, சாட் வசதியை அணைத்து, அப்புறம் கொடுங்கள்.