உங்கள் மகள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. அவளைச் சுமந்த மூன்றாம் மாதத்தில் எனக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்தன. அது ருபெல்லா என்றும், வயிற்றில் இருக்கும் குழந்தையைத் தாக்கும் தொற்று என்றும் பிறகுதான் சொன்னார்கள். பிறக்கும்போதே அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வெளிச்சமும், அருகில் அசைவதும் தெரிகின்றன. காது இரண்டும் கேட்பதில்லை. கருவியை மாட்டினால் பிடுங்கி எறிகிறாள். காது கேளாதோர் பள்ளியில் கண் தெரியவில்லை என்றார்கள், பார்வையற்றோர் பள்ளியில் காது கேட்கவில்லை என்றார்கள். குளிப்பாட்டப் போனால் அடிக்கிறாள், கடிக்கிறாள். மாமியார்தான் சோறு ஊட்டுகிறார். நாங்கள் பூக்கட்டிப் பிழைக்கிறவர்கள். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஹெலன் கெல்லர் கதையைச் சொல்லி ஆறுதல் கூறுகிறார்கள். இவளுக்கு எதையாவது கற்றுக்கொடுக்க முடியுமா? எங்களுக்குப் பிறகு இவள் கதி என்ன? சாயங்காலம் ஆனால் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுப்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
- ஒரு தாய், நிலக்கோட்டை அருகே

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசி வரியில் 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தியே அதுதான். கண்ணும் காதும் துணைக்கு வராத ஒரு குழந்தை, வீட்டில் உங்களைத் தேடிக் கண்டுபிடித்து, உங்கள் கையைப் பற்றி, தான் போக விரும்பும் பக்கம் இழுக்கிறாள். "அம்மா, வெளியே போகலாம் வா" என்ற முழு வாக்கியம் அது. யாரும் கற்றுக்கொடுக்காமல் அவளே உண்டாக்கிக்கொண்ட வாக்கியம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ருபெல்லா வந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்தத் தடுப்பூசிக்கான அரசின் பெரிய இயக்கம் நம் மாநிலத்தில் தொடங்கியதே 2017 பிப்ரவரியில்தான், அதுவும் பிள்ளைகளுக்காக. அந்தப் பழியை நீங்கள் இனிச் சுமக்க வேண்டாம்.

ஹெலன் கெல்லரைச் சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் 19 மாதம் வரை உலகத்தைக் கண்டும் கேட்டும் வளர்ந்தவர். உங்கள் மகளுக்கு அது கிடைக்கவில்லை. இருவரையும் ஒரே கோலால் அளக்காதீர்கள். அந்தக் கதையில் குழாயடியில் 'தண்ணீர்' என்ற சொல் விளங்கிய கட்டத்தை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சலிவன் வந்து சேரும் முன்பே, இழுத்தால் 'வா', தள்ளினால் 'போ', உடம்பைச் சிலிர்த்துக் காட்டினால் 'ஐஸ்கிரீம்' என்று ஹெலனிடம் சொந்தச் சைகைகள் இருந்தன. அவற்றைப் புரிந்துகொண்டு பதில் கொடுத்தவர் அவருடைய தாய். நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

இனிக் குளியலுக்கு வருவோம். ஒரு நிமிடம் அவளாக இருந்து பாருங்கள். எங்கிருந்தோ ஒரு கை வருகிறது. தூக்குகிறது. உடை உருவப்படுகிறது. தலையில் தண்ணீர் விழுகிறது. யார் செய்கிறார்கள், ஏன், எப்போது முடியும், எதுவும் தெரியாது. நானாக இருந்தாலும் கடித்திருப்பேன். அவளுக்கு இருப்பது முரட்டுக் குணம் இல்லை, பயம்.

நாளையிலிருந்து வீட்டில் யார் அவளிடம் போனாலும் முதலில் தோளில் மெல்லக் கை வையுங்கள். அப்படியே சற்று நிற்க வேண்டும். பிறகு தான் யார் என்று சொல்ல வேண்டும்: நீங்கள் என்றால் உங்கள் வளையலை அவள் விரல்களில் படச் செய்யுங்கள், அவள் அப்பா என்றால் கைக்கடிகாரம், பாட்டி என்றால் மோதிரம். இது ஒருபோதும் மாறக் கூடாது. அதன் பின் குளிக்கப் போகிறோம் என்பதற்கு, அவள் தினமும் தொடுகிற அதே குளியல் குவளையை அவள் கையில் கொடுங்கள். கடையில் வாங்கிய பொம்மைக் குளியல் தொட்டி வேண்டாம். அவளுடைய அனுபவத்தில் இல்லாத பொருள் அவளுக்கு எதையும் சொல்லாது. குவளையை அவளே குளியலறை வரை எடுத்து வரட்டும். குளித்து முடிந்ததும் மூடி போட்ட ஒரு வாளிக்குள் அவள் கையாலேயே அதைப் போடச் செய்யுங்கள். 'முடிந்தது' என்பது அதற்குப் பொருள். சாப்பாட்டுக்கு அவள் தட்டு, வெளியே போக அவள் செருப்பு. நான்கு அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அன்றைக்கு நடக்கப் போவதை இடமிருந்து வலமாக அவற்றில் அடுக்கி வையுங்கள். அவளுக்கு அதுதான் நாட்காட்டி. ஒரு வாரத்தில் பலன் தெரியாது. மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு பையனின் கைகளை மேலிருந்து இறுக்கிப் பிடித்து மணிகளைக் கோக்க வைத்தேன். கோத்து முடித்தோம். அதற்குப் பிறகு பல நாட்கள் அவன் என் பக்கமே வரவில்லை. அவனுக்குக் கையே கண், கையே காது, கையே வாய். அதை நான் பூட்டிவிட்டேன். எனவே உங்கள் கை எப்போதும் அவள் கைக்குக் கீழே இருக்கட்டும். நீங்கள் பூவை எடுக்கிறீர்கள், காம்பைப் பிடிக்கிறீர்கள், நாரைச் சுற்றுகிறீர்கள். அவள் கை உங்கள் கைமேல் அமர்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் கையை எடுத்துக்கொள்ளலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் ஒரு நாள் 'வேண்டும்' என்று சொல்லத் தோன்றும்.

அதற்கு ஊஞ்சல் நல்ல ஆசிரியர். நெதர்லாந்தில் ருபெல்லாவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு பல ஆண்டுகள் பணியாற்றிய யான் வான் டைக் என்ற அறிஞர், குழந்தையோடு சேர்ந்து அசைவதையே உரையாடலின் தொடக்கமாகக் கொண்டார். அவளை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சல் ஆடுங்கள். சட்டென்று நிறுத்துங்கள். மனதுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். அவள் உடம்பை ஒரு சிறு ஆட்டு ஆட்டினால், தொடையைத் தட்டினால், உடனே ஆடுங்கள். 'இன்னும்' என்று அவள் கேட்டாள், நீங்கள் கொடுத்தீர்கள். அந்த முப்பது வரை காத்திருப்பதுதான் நம்மில் பலருக்கு முடிவதில்லை.

மாமியாரைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஒன்பது வருடம் ஊட்டிய கை அது. ஆனால் கேட்கும் முன்பே எல்லாம் வாய்க்கு வந்துவிட்டால் குழந்தை எதற்காகக் கேட்க வேண்டும்? எல்லா வாயையும் அவரே ஊட்டட்டும், கடைசி வாயை மட்டும் பாதியில் விட்டு அவள் கையில் சேர்க்கச் சொல்லுங்கள். அது பழகியதும் கடைசி இரண்டு வாய். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பித்தால், ஒவ்வொரு முறையும் முடித்தவள் அவளாக இருப்பாள்.

காதுக் கருவியைக் கைவிட வேண்டாம். கருவியைக் காதுக்குள் பொருத்தும் அச்சு ஒன்பது வயதுக் காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; சிறிதாகிப் போன அச்சு வலிக்கும். ஊஞ்சலில் இருக்கும்போது மட்டும் ஐந்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். கண்ணையும் தவறாமல் காட்டி வாருங்கள். பிறவிப் புரைக்கு அறுவை சிகிச்சை செய்த கண்களில் பிற்பாடு கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் வரக்கூடும். இருக்கும் அந்த வெளிச்சத்தையும் இழந்துவிடக் கூடாது.

இரண்டு பள்ளிகளும் திருப்பி அனுப்பியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கண், காது இரண்டும் பாதிக்கப்பட்ட நிலையைத் தன் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கண், காது இரண்டுமே பாதிக்கப்பட்டவருக்கு ஏற்ற தொடர்பு முறையில் கல்வி தர வேண்டும் என்று அதன் 16-ஆவது பிரிவு கூறுகிறது. 31-ஆவது பிரிவு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உங்கள் வட்டார வளமையத்துக்குப் போய் வீட்டுக்கு வந்து கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். எழுத்து மூலம் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஒருமுறை அவளை அங்கே அழைத்துச் சென்று முழுமையாக மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கே பல வழிகள் புலப்படும். பிற்காலத்தில் அவள் கையைத் தொட்டுப் பேசும் சைகைமொழிக்கோ பிரெய்லுக்கோ போகலாம், பொருள்களைக் கொண்டே பேசலாம். எதுவானாலும் அது அவள் மொழி.

'எங்களுக்குப் பிறகு' என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு நான் பொய் சொல்ல மாட்டேன். அவளுக்கு எப்போதும் யாராவது துணை வேண்டியிருக்கும். ஆனால் யாரிடமும் தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்தவளாகத் துணை நாடுவது வேறு, எதுவும் சொல்ல முடியாதவளாக ஒருவர் கையில் விழுவது வேறு. அதனால் உங்களைத் தவிர இன்னும் மூன்று பேருக்காவது அவளுடைய சைகைகள் தெரிய வேண்டும். அவள் எதைச் செய்தால் என்ன பொருள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இழுப்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். சட்டப்படியான ஏற்பாடும் உண்டு: 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் மாவட்டக் குழுவிடம், அவளுக்கு 18 வயதானதும் பாதுகாவலரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு இருக்கிறது.

பூக்கட்டும் குடும்பம் என்று எழுதியிருந்தீர்கள். மல்லிகையின் மணமும் காம்பின் ஈரமும் நாரின் முறுக்கும் கண்ணும் காதும் இல்லாமலே தெரிபவை. மாலையில் பூக்கூடை வந்ததும் அவள் கையை உங்கள் கைமேல் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவது உங்கள் வேலை, கடைசியாக நாரை இழுத்து முடிச்சை இறுக்குவது அவள் வேலை. இழுக்கத்தான் அவளுக்கு ஏற்கெனவே தெரியுமே. அவள் இறுக்கிய முதல் முடிச்சு எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.