டோப்காப்பியின் அடுக்களை

வணக்கம் சார்,

சென்ற மாதம் ஒரு சுற்றுலாக் குழுவோடு இஸ்தான்புல் போய்வந்தேன். ஒட்டோமன் பேரரசின் சுல்தான்கள் வாழ்ந்த டோப்காப்பி அரண்மனைக்கு எங்களுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். பழைய சமையல்கட்டை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்களே, நான் ஆசையாகப் போனது அங்கேதான். உள்ளே கண்ணாடிப் பெட்டி கண்ணாடிப் பெட்டியாகத் தட்டுகள், கிண்ணங்கள், மறுபடியும் தட்டுகள். அரை மணியில் சலித்துவிட்டது. சொல்லப்போனால் கோபம்தான் வந்தது. ஒரு மனிதன் சாப்பிடுவதற்கு மாணிக்கம் பதித்த கிண்ணம் எதற்கு? அந்த ஒரு கிண்ணத்தின் விலையில் எத்தனை குடும்பங்கள் பசியாறியிருக்கும்? கூட வந்தவர்கள் கருவூலத்துக்குப் போய் 86 காரட் வைரத்தைப் பார்த்தார்கள். நானும் அதையே பார்த்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. இந்தப் பாத்திரங்களில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? சீனாவிலிருந்து அத்தனை பீங்கான் துருக்கிக்கு ஏன் வந்தது? ஜூனில் என் தம்பி குடும்பம் போகிறது. சமையல்கட்டை விட்டுவிடச் சொல்லலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

விடச் சொல்லாதீர்கள். நேரம் போதாவிட்டால் வைரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். சமையல்கட்டைப் பார்க்காமல் வந்தால் அந்த அரண்மனை எப்படி இயங்கியது என்பது பிடிபடாது.

உங்கள் கோபம் நியாயமானது. அதைத் தணிக்க நான் முயலவில்லை. ஆனால் கோபம் மாணிக்கக் கிண்ணத்தோடு நின்றுவிட்டால், கேட்க வேண்டிய பெரிய கேள்விகள் விட்டுப்போகும். அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டவருக்காக மட்டும் பத்துக் கும்மட்டங்களோடு அவ்வளவு நீளமான கட்டடத்தை யாரும் கட்டவில்லை. சுல்தானின் சாப்பாடு பெரும்பாலும் குஷானே என்ற தனிச் சிறு அடுக்களையில் தயாரானது. நீங்கள் நடந்த பெரிய கூடங்கள் மற்றவர்களுக்கானவை. அந்தப்புரம், அமைச்சரவை, அரண்மனைப் பள்ளி மாணவர்கள், காவலர்கள், எழுத்தர்கள், தூதர்கள், படைவீரர்கள் என்று சாதாரண நாளில் சுமார் 4,000 பேருக்கும் விசேஷ நாட்களில் 10,000 பேர் வரைக்கும் அங்கிருந்துதான் சோறு போனது. 1574-ல் தீப்பிடித்து அழிந்தபோது அதை மீண்டும் கட்டும் பொறுப்பைப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினானிடமே கொடுத்தார்கள். சுலைமானியே மசூதியைக் கட்டியவர் அவர். கடலிலிருந்து பார்த்தால் அரண்மனையில் முதலில் கண்ணில் படுபவற்றில் ஒன்று அவர் எழுப்பிய புகைபோக்கி வரிசை.

பீங்கான் பெட்டிகளுக்கு முன்னால் சலித்துப்போனது உங்கள் குற்றமில்லை. தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. நான் போனபோது அதிக நேரம் நின்றது செம்புக் கொப்பரைகளின் முன்னால்தான். ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போன்ற அளவு. அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்க ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு சட்டம். கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது இன்றைய இஸ்தான்புல்லைப் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் பெயரில் உள்ள சட்டத் தொகுப்பில், குடும்பத்தார் தவிர வேறு யாரும் சுல்தானோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று இருக்கிறது. அதற்கு முந்தைய சுல்தான்கள் தளபதிகளோடு ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். பேரரசு பெரிதானதும் அரசர் பந்தியிலிருந்து எழுந்துபோய்விட்டார். அவர் முகம் தெரியாது, குரல் கேட்காது. அவர் போடும் சாப்பாடு மட்டும் தினமும் எல்லோருக்கும் வந்துகொண்டிருந்தது. அந்த ஆட்சியைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

நீங்கள் சமையல்கட்டுக்குள் நுழைவதற்கு முன் கடந்த இரண்டாம் முற்றத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜானிசரி என்ற சுல்தானின் நிரந்தரக் காலாட்படைக்கு அங்கே சம்பளம் கொடுப்பார்கள். அன்றைக்கு சூப், சோறு, குங்குமப்பூ போட்ட இனிப்புச் சோறு என்று கிண்ணம் கிண்ணமாகத் தரையில் பரப்பி வைப்பார்கள். சைகை கிடைத்ததும் ஆயிரக்கணக்கான வீரர்கள் ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுத் தூதர்களை வேண்டுமென்றே அந்த நாளில் வரவழைத்து, இந்தக் காட்சியைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். வீரர்கள் ஓடிவந்தால் படை சுல்தானின் பக்கம் என்று பொருள். கிண்ணத்தைத் தொடாமல் நின்றுவிட்டால் அரண்மனைக்கே நடுக்கம்.

அந்தப் படையின் பதவிகளே அடுக்களையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் சோர்பஜி என்று பெயர், அதாவது சூப்புக்காரர். தொப்பியின் முன்பக்கம் கரண்டி செருகிக்கொள்ள இடம் இருக்கும். படைப்பிரிவின் கொப்பரையைக் கொடியைப் போலப் போற்றினார்கள். அதைத் தூக்கிவந்து கவிழ்த்தால் கலகம் தொடங்கியது என்று ஊருக்கே தெரிந்துவிடும். சுல்தான்களை அரியணையிலிருந்து இறக்கிய கலகங்கள் உண்டு, கொலையில் முடிந்தவையும் உண்டு. கடைசியாக 1826 ஜூனில் கொப்பரைகளை வெளியே கொண்டுவந்தார்கள். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அவர்களுடைய குடியிருப்புகளைப் பீரங்கியால் தகர்த்து, பல நூற்றாண்டுப் பழமையான அந்தப் படையையே இல்லாமல் ஆக்கினார். அருங்காட்சியகத்தில் கொப்பரைக்கு அருகே இருக்கும் சின்னக் குறிப்பட்டையில் இத்தனையும் இருக்காது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம், இது நம் வீடுகளிலும் இருந்ததுதான். செம்புப் பாத்திரத்தில் புளிப்பான எதையும் அப்படியே சமைக்க முடியாது, களிம்பு ஏறிவிடும். உட்புறம் வெள்ளீயம் பூச வேண்டும், தேயத் தேய மறுபடியும் பூச வேண்டும். நம் தெருக்களில் துருத்தியும் நவச்சாரமுமாக ஈயம் பூசுகிறவர்கள் வந்துபோன காலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தினமும் நாலாயிரம் பேருக்குச் சமைத்த இடத்தில் அந்த வேலை எவ்வளவு இருந்திருக்கும்! அதைச் செய்தவர்களின் கைகளுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி எதுவும் இல்லை.

உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். கீழ்நிலை வேலைகளில் இருந்தவர்களில் பலர், பால்கன் கிராமங்களின் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறு வயதிலேயே எடுத்துவரப்பட்ட பிள்ளைகள். அரண்மனையும் தலைநகரமும் தின்ற ஆடுகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே ஓட்டிவரப்பட்டன. வசதியுள்ள ஆட்களின் பெயரைப் பட்டியலில் எழுதி, இத்தனை ஆடு கொண்டுவந்து அரசு சொல்லும் விலைக்குத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். விலை கட்டுப்படியாகாமல் நொடித்துப்போனவர்கள் இருந்தார்கள். அரிசியும் சர்க்கரையும் எகிப்திலிருந்து கப்பலில் வந்தன. சர்பத்துக்குப் பனிக்கட்டி புர்சாவுக்கு மேலே இருக்கும் உலுதாக் மலையிலிருந்து. எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகங்கள் உண்டு, 15ஆம் நூற்றாண்டிலிருந்து பல இன்றும் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. மாணிக்கம் ஒருமுறை வாங்கிப் பதித்ததோடு சரி. ஆட்டுக்கும் அரிசிக்குமான கணக்கு தினமும் எழுதப்பட்டது, தினமும் யாரோ அதற்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சரி, பீங்கானுக்கு வருகிறேன்.

டோப்காப்பியில் சீனப் பீங்கான் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். சீனாவுக்கு வெளியே இருக்கும் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று. அத்தனையையும் காட்சிக்கு வைப்பதில்லை. சீனாவின் யுவான் அரச வம்சக் காலத்து நீலவெள்ளைப் பீங்கான் சுமார் 40 இருக்கிறது. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட எழுநூறு வயது. இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பகுதி கொள்ளை. சுல்தான் முதலாம் செலிம் 1514-ல் ஈரானின் தப்ரீஸையும் 1517-ல் கெய்ரோவையும் பிடித்தபோது அங்கிருந்த அரண்மனைப் பொருட்கள் இங்கே வந்தன. ஒரு பகுதி பரிசு, ஒரு பகுதி வாங்கியது. அப்புறம், இறந்துபோன அல்லது தலை வெட்டப்பட்ட உயர் அதிகாரிகளின் சொத்து கருவூலத்துக்குப் போய்விடும் என்பது வழக்கம். ஒரு அமைச்சர் வாழ்நாளெல்லாம் ஆசையாகச் சேர்த்த கிண்ணங்கள் அப்படியும் வந்தன. அந்தத் தட்டுகளில் எதெதில் எந்தக் குடும்பத்தின் அழுகை இருக்கிறது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பச்சைநிறப் பாத்திரங்கள் தனிக் கூட்டம், 1,300-க்கு மேல். நச்சு கலந்த உணவை வைத்தால் நிறம் மாறும், அல்லது உடையும் என்று நம்பினார்கள். வேதியியல்படி அதற்கு அடிப்படை இல்லை. அதோடு விடாமல் உணவை முன்னாலேயே ருசி பார்ப்பதற்குத் தலைமை அதிகாரி ஒருவரை வேறு வைத்திருந்தார்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் சுல்தான், பச்சைத் தட்டு, பக்கத்தில் ருசி பார்க்கிறவர். இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால், மாணிக்கக் கிண்ணத்தைப் பார்க்கும்போது பொறாமையோ வியப்போ எனக்கு வருவதில்லை. அவ்வளவு பயம் இருந்திருக்கிறது.

அந்தப் பச்சைப் பாத்திரங்களில் பெரும்பகுதி தென்கிழக்குச் சீனாவின் லாங்சுவான் சூளைகளில் சுட்டவை. மேற்கே போன கப்பல்கள் இந்தியப் பெருங்கடல் வழியாகத்தான் போக வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் அதே சூளைகளின் பச்சை ஓடுகள், 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கிடைத்திருக்கின்றன. நம் கடற்கரையில் உடைந்த துண்டாகக் கிடைத்ததும் அங்கே முழுத் தட்டாக இருப்பதும் ஒரே வணிகத்தில் வந்தவை. இதை நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளைப் பாருங்கள், சலிக்காது.

மாணிக்கம் பதித்ததையும் சொல்லிவிடுகிறேன். சீனர்கள் அப்படிச் செய்யவில்லை. இஸ்தான்புல்லுக்கு வந்த பிறகு அரண்மனைப் பொற்கொல்லர்கள் தங்கக் கம்பி இழைத்துக் கல் பதித்தார்கள். ஆனால் நான் அதைவிட விரும்பிப் பார்ப்பது அவர்களுடைய பழுதுபார்த்தலை. கழுத்து உடைந்த குப்பிக்கு உலோகத்தில் கழுத்து, மூக்கு உடைந்ததற்கு உலோக மூக்கு, மூடி தொலைந்ததற்குப் புது மூடி. ஆயிரக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உடைந்ததைத் தூக்கிப்போடவில்லை. அதே அரண்மனை 1582-ல் இளவரசரின் சுன்னத்து விழாவுக்குப் பாத்திரம் போதாமல் கடைத்தெருவில் இஸ்னிக் என்ற துருக்கி ஊரில் செய்த தட்டுகள் வாங்கியது.

முள்கரண்டியும் கத்தியும் அந்தப் பழைய பந்தியில் கிடையாது. வலக்கையால் சாப்பிட்டார்கள், சூப்புக்கும் பழச்சாற்றுக்கும் கரண்டி. கை கழுவக் கெண்டியும் தாம்பாளமும். ஆமையோட்டிலும் பவளத்திலும் செய்த கரண்டிகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிற்காலத்து ஐரோப்பிய வெள்ளிச் சாமான்களை வேகமாகக் கடந்துவிடலாம், அதுபோன்றது எல்லா ஊர் அரண்மனையிலும் இருக்கிறது.

தம்பி குடும்பத்துக்கு: செவ்வாய்க்கிழமை அரண்மனை மூடியிருக்கும், அன்றைக்குத் திட்டம் போட வேண்டாம். காலையில் திறந்ததும் போகட்டும். இரண்டாம் முற்றத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் இடப்பக்கம் அந்தப்புரத்துக்கு வரிசை கட்டுவார்கள். சமையல்கட்டு வலப்பக்கம். முதலில் கொப்பரைகள், அப்புறம் இனிப்பும் மருந்து லேகியமும் கிண்டிய ஹெல்வாஹானே, கடைசியில் பீங்கான். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். குழந்தைகள் இருந்தால், ரமலான் 15ஆம் நாள் பத்து வீரர்களுக்கு ஒரு தாம்பாளம் என்ற கணக்கில் இந்தச் சமையல்கட்டிலிருந்துதான் பக்லாவா என்ற இனிப்பின் ஊர்வலம் கிளம்பியது என்று சொல்லிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவர்களே முன்னால் ஓடுவார்கள்.