தண்ணீர் கொடுத்தால் பேதி கூடுமா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. நேற்று காலையிலிருந்து தண்ணீராகவே போகிறது. எதைக் குடித்தாலும் உடனே வெளியே வந்துவிடுகிறது, அதனால் தண்ணீரே கொடுக்காதே என்கிறார் மாமியார். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்று தந்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன், பேதி நிற்கவில்லை. வெறும் உப்பும் சர்க்கரையும்தானே, இதனால் என்ன பயன்? டப்பாவில் வரும் பழச்சுவை பானம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: முதலில் பையனைப் பாருங்கள். கண் குழி விழுந்திருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான்? ஆறு மணி நேரமாகப் போகவில்லை, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுகிறான், குடிக்க மறுக்கிறான், குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறான், மலத்தில் ரத்தம் இருக்கிறது – இதில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.

அப்படி இல்லையென்றால், தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாமியார் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் பேதியில் போகும் தண்ணீரில் பெரும்பகுதி இப்போது குடித்தது அல்ல, குழந்தையின் உடம்பிலிருந்து குடலுக்குள் வந்தது. குடிப்பதை நிறுத்தினாலும் அது போய்க்கொண்டேதான் இருக்கும், ஈடுகட்ட எதுவும் உள்ளே வராது.

ஓ.ஆர்.எஸ்.ஸால் என்ன பயன் என்ற உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். குடலின் உட்சுவர் முழுக்கச் செல்கள். ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் அந்தக் கொழுப்பைத் தாண்டித் தானாக உள்ளே போக முடியாது. அவற்றுக்கென்று சவ்வில் புரதத்தாலான தனித்தனி வாசல்கள் உண்டு. தண்ணீரைத் தள்ளுவதற்கென்று உடம்பில் எந்தப் பம்பும் கிடையாது; உப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அது போகும். உப்பு என்பது சோடியமும் குளோரைடும் சேர்ந்தது. உதாரணமாக, காலராவில் கிருமியின் நச்சு, செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்து வைத்துவிடுகிறது. சோடியமும் தண்ணீரும் அதன் பின்னாலேயே குடலுக்குள் கொட்டுகின்றன. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவியபோது நம் பக்கத்து மக்கள் பயந்துபோனது நினைவிருக்கும்.

இத்தனை கலவரத்திலும் ஒரு வாசல் மட்டும் பெரும்பாலும் கெடாமல் வேலை செய்கிறது. அது இரண்டு சோடியத்தையும் ஒரு குளுக்கோஸையும் (சர்க்கரையின் எளிய வடிவம்) சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். ஒன்று மட்டும் வந்தால் எடுக்காது. உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் மறுபக்கத்தில் இருக்கும் இன்னொரு பம்பு ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே வாங்குவது அதன் கணக்கு. சோடியம் போன வழியே தண்ணீரும் உடம்புக்குள் போய்ச் சேர்கிறது. சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடியாகப் போகின்றன என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி சொன்னார். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. வெறும் உப்பு சர்க்கரைதானே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

ஆனால் இது பேதியை நிறுத்தும் மருந்து அல்ல. நிற்கும் வரை குழந்தை வற்றிப்போகாமல் காப்பாற்றும். பெரும்பாலான பேதி சில நாளில் தானாக அடங்கிவிடும்.

இப்போது நீங்கள் கலக்கிய அளவைச் சொல்ல வேண்டும். பெரிய பொட்டலம் மொத்தமும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. துறைமுகத்தில் கருவாடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: கீறிய மீனில் உப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்கினால், யாரும் ஊற்றாமலே அடியில் தண்ணீர் தேங்கும். கெட்டியான கரைசல் குடலிலும் அதையேதான் செய்கிறது, உடம்பின் தண்ணீரைக் குடலுக்கு இழுக்கிறது. ரத்தத்தில் சோடியம் ஏறும் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் கலக்கியதைக் கொட்டிவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலை அளவாக வைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். சின்னப் பொட்டலம் கிடைத்தால் அது 200 மில்லிக்கு. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

டப்பா பானம் வேண்டாம். பெரும்பாலும் சர்க்கரை அதிகம், சோடியம் குறைவு. மிஞ்சிய சர்க்கரையும் தண்ணீரைக் குடலுக்கு இழுக்கத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடுதலாகக் கொடுக்கலாம், அதை மட்டும் நம்ப முடியாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி ரொம்ப நல்லது, அரிசி மாவு குடலில் மெதுவாகக் குளுக்கோஸாகிறது. ராத்திரியில் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். அதற்கு மேல் உப்பு வேண்டாம்.

ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, அப்புறம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக ஊட்டுங்கள். வழக்கமான சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஜிங்க் மாத்திரையும் இலவசமாகத் தருவார்கள். இந்த வயதுக்கு தினம் 20 மில்லிகிராம், பேதி நடுவில் நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.