கல் மேலே ஏறும், அரிசி கீழே இறங்கும்: உணவு எந்திரங்கள் பற்றிய கேள்வி பதில்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி, எண்ணெய், மாவு, மசாலா என்று உணவுத் தொழிலுக்கான எந்திரங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் வேலை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும் ஆரணி, ஜவ்வாது மலைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஆரணி திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்றே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 1989 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடுதான். வெறும் விலை மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, மன்னிக்கவும்.

ஆரணி அருகே ஒரு சிறு ஆலைக்காரர்: அண்ணே, அப்பா காலத்து ஹல்லர் மில். கூலிக்கு அரைக்கிறோம். ரப்பர் ரோல் ஷெல்லருக்கு மாறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஹல்லரில் அப்படி என்ன குறை?

ஹல்லர் லேசுப்பட்ட எந்திரம் இல்லை தம்பி. பிரேசில்காரர் எவரிஸ்டோ ஏங்கல்பெர்க் 1885 வாக்கில் கண்டுபிடித்தது. வரி வரியாக மேடு வைத்த இரும்பு உருளை, சுற்றி ஒரு கூடு, ஒரு பிளேடு, அடியில் சல்லடை. அவ்வளவுதான். எந்த ஊர்க் கொல்லனும் பழுது பார்த்துவிடுவான். அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது.

குறை என்னவென்றால், உமி உரிப்பதையும் தவிடு எடுப்பதையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் செய்கிறது. அரிசி நொறுங்குகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், உமியும் தவிடும் ஒன்றாகக் கலந்து வெளியே வருவது. அந்தக் கலவை மாட்டுக்குத்தான் போகும், எண்ணெய் ஆலைக்காரன் தொடமாட்டான். ரப்பர் ரோலில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் பங்கு வேகமாக ஓடும். அந்த வேக வித்தியாசம்தான் நெல்லைத் தேய்த்து உமியை மட்டும் கழற்றுகிறது. தவிடு பிறகு அரிசியைத் தீட்டும் பாலிஷரில் தனியாக, சுத்தமாக வரும். புழுங்கல் தவிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கும். நெல்லை அவிக்கும்போதே தவிட்டின் எண்ணெயைக் கெடுக்கும் நொதி பெரும்பாலும் அடங்கிவிடுவதால், பச்சரிசித் தவிட்டைவிட நிதானமாகக் கெடும். ஆரணியில் புழுங்கல்தானே அதிகம், அது உங்களுக்கு லாபம்.

ஆனால் ஒருவர் ஒரு மூட்டை, இன்னொருவர் அரை மூட்டை என்று வரும் கூலி மில்லுக்கு மட்டும் என்றால் அவசரப்பட வேண்டாம். தவிட்டைச் சேர்த்து விற்கும் அளவுக்கு நெல் வந்தால்தான் ஷெல்லர் கட்டும். போட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: வேகமாக ஓடும் உருளை சீக்கிரம் தேயும். அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் எந்த உருளையும் உதவாது.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு சகோதரி: இட்லி மாவு பாக்கெட் கடையில் வைத்த மறுநாளே பலூன் போல உப்பிவிடுகிறது, சார். மெஷின் சரியில்லையா?

மெஷின்மேல் பழி போடாதீர்கள் அம்மா. மாவு புளிக்கும்போது வரும் வாயு அது. அரைத்த சூடு ஆறுவதற்குள் பாக்கெட் போட்டுக் கூடையில் அடுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நடுவில் இருக்கும் பாக்கெட் மணிக்கணக்கில் குளிராது. அரைத்ததும் குளிரவையுங்கள், கடை வரைக்கும் குளிரிலேயே போகட்டும். வாயு வெளியே மட்டும் போகும் சிறு வால்வு வைத்த பாக்கெட்டும் கிடைக்கிறது, ஆனால் குளிர்பெட்டி இல்லாமல் அது மட்டும் காப்பாற்றாது.

அணைக்கட்டு பக்கத்திலிருந்து ஒரு வெல்லக்காரர்: ஐயா, கொப்பரைக்குக் கரும்புச் சக்கை போதாமல் விறகு வாங்கி எரிக்கிறோம். சர்க்கரை ஆலையில் மட்டும் சக்கையை எரித்து, மிச்சத்தில் மின்சாரமே எடுக்கிறார்களாமே, அது எப்படி?

நல்ல கேள்வி. வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

நூறு கிலோ கரும்புச் சாற்றில் ஏறக்குறைய எண்பது கிலோ தண்ணீர். வெல்லம் காய்ச்சுவது என்றால் அந்தத் தண்ணீரை ஓட்டுவதுதான். ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு சூடு, அதை ஆவியாக்க மட்டும் ஆகும். நீங்கள் அவ்வளவு சக்கை எரித்து உண்டாக்கிய ஆவி கொட்டகைக் கூரை வழியாக வானத்துக்குப் போகிறது. ஆலைக்காரன் அந்த ஆவியை விடுவதில்லை.

இதைச் செய்து காட்டியவர் நார்பர்ட் ரில்லியூ. 1806-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கலப்பினக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸில் பொறியியல் படித்தவர். அப்போது அங்கே கரும்புச் சாறு வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில் கொதிக்கும். அடிமைகளாக வைத்திருந்தவர்களை விட்டுப் பெரிய கரண்டியால் ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு மாற்றுவார்கள். கைகால் வெந்தவர்கள் ஏராளம். ரில்லியூ 1843-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பில் கொப்பரைகள் எல்லாம் மூடிய பாத்திரங்கள். முதல் பாத்திரத்துச் சாற்றிலிருந்து கிளம்பும் ஆவி, இரண்டாவது பாத்திரத்தின் குழாய்களுக்குள் போய் அதைக் கொதிக்க வைக்கும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதற்கு. சூடு குறைந்த ஆவியால் எப்படிக் கொதிக்க வைக்க முடியும்? அங்கேதான் அவருடைய மூளை. அடுத்தடுத்த பாத்திரங்களில் காற்றழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனார். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கடைசிப் பாத்திரம் 60 டிகிரி வாக்கில் கொதிக்கும், அதனால் சர்க்கரையும் கருகாது. மூன்று பாத்திரம் வைத்தால், ஒரு கிலோ நீராவி கிட்டத்தட்ட மூன்று கிலோ தண்ணீரை ஓட்டிவிடும். இன்றைக்கு அம்முண்டி ஆலையானாலும் கேத்தாண்டப்பட்டி ஆலையானாலும் சாறு சுண்டுவது இந்த வழியில்தான். பால் பவுடர், தக்காளி விழுது எல்லாவற்றிலும் இதே கணக்கு. (அந்த மனுஷர் பின்னாளில் பாரிஸுக்கே திரும்பிப் போய் எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்துவிட்டார். அது வேறு கதை.)

சரி, உங்களுக்கு என்ன பயன்? பாய்லர், வெற்றிட பம்ப், பாய்லர் அனுமதி என்று போனால் ஒரு கொட்டகைக்குக் கட்டாது. ஆனால் தத்துவத்தில் பாதியை அடுப்பிலேயே செய்யலாம். உங்கள் அடுப்பில் புகைபோக்கி வழியாகப் போகும் புகை எவ்வளவு சூடு என்று கையை நீட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை போகும் பாதையில் இரண்டாவது கொப்பரையை வையுங்கள். புதுச் சாறு அதில் சூடேறி, அழுக்கு எடுத்தபின் முதல் கொப்பரைக்கு வரட்டும். லக்னோவில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு கொப்பரை, மூன்று கொப்பரை அடுப்புகளை வடிவமைத்திருக்கிறது. சக்கையையும் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஈரச் சக்கை முதலில் தன் தண்ணீரைத்தான் ஓட்டும். சக்கை போதாததற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கும்.

பேரணாம்பட்டிலிருந்து ஒருவர்: தோல் தொழிற்சாலை மூடுகிறார்கள், டிரம் சல்லிசாக வருகிறது. கழுவிவிட்டுப் புளி, மிளகாய் கலக்கப் பயன்படுத்தலாமா?

கூடாது. மரத்துக்குள் குரோமியம் ஊறியிருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் போகாது. இரும்பு, ஸ்டீல் பாத்திரமானாலும் உப்பிலும் அமிலத்திலும் குழி விழுந்திருக்கும், அந்தக் குழிகளைச் சுத்தம் செய்ய முடியாது. மோட்டார், கியர் பாக்ஸ், ஸ்டாண்டு வேண்டுமானால் வாங்குங்கள். உணவு தொடும் பாகம் புது 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, வெல்டிங் வழவழப்பாகத் தேய்த்ததாக இருக்கட்டும்.

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு மகளிர் குழு: சாமையில் கல் இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். சல்லடையில் சலித்தும் போகவில்லை. என்ன செய்வது?

சாமையும் அந்தக் கல்லும் ஒரே அளவு அம்மா. சல்லடை அளவைத்தான் பார்க்கும், எடையைப் பார்க்காது. உங்களுக்கு வேண்டியது டீஸ்டோனர், கல் நீக்கி. சாய்வாக ஒரு துளைத் தட்டு, அடியிலிருந்து காற்று, தட்டுக்கு ஒரு உதறல். நீங்கள் முறத்தில் புடைக்கும் வேலைதான், ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றில் லேசாக மிதக்கும் தானியம் சரிவில் வழுக்கிக் கீழே வந்துவிடும். கனமான கல் தட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு உதறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேட்டை நோக்கி ஏறும். முதல் தடவை பார்ப்பவர்கள் எந்திரத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார்கள்.

காற்றைச் சரியாக வைப்பதில்தான் சூட்சுமம். அதிகம் வைத்தால் கல்லும் மிதந்து தானியத்தோடு வரும். குறைத்தால் சாமை கல்லோடு மேலே ஏறும். நெல்லுக்கு வைத்த அளவில் சாமையை ஓட்டாதீர்கள். தோல் உரிக்கும் எந்திரத்துக்கு முன்னாலேயே கல்லை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பாகங்கள் தேய்ந்து போகும். முக்கியமாக, சாலையில் உலர்த்துவதை நிறுத்துங்கள். கல்லில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆம்பூரிலிருந்து ஒரு பாய்: பிரியாணியை பாக்கெட்டில் அடைத்து, குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் வைக்கலாமா? துபாய்க்கு அனுப்ப ஆசை.

வைக்கலாம் பாய், ரிட்டார்ட் முறையில், அதாவது அடைத்த பாக்கெட்டை நீராவி அழுத்தத்தில் சூடேற்றி. பிரான்ஸில் நிக்கோலா அப்பேர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துப் பாதுகாத்து, 1810-இல் அரசின் 12,000 பிராங்க் பரிசை வாங்கினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது, பாஸ்டர் வந்து சொல்ல இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. பிறகு 1874-இல் பால்டிமோரில் ஷ்ரைவர் என்பவர் நீராவி அழுத்தத்தில் இயங்கும் ரிட்டார்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்.

பாட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமியின் வித்து 100 டிகிரியில் சாகாது. பாக்கெட்டின் நட்டநடுவில் 121 டிகிரி, குறைந்தது 3 நிமிடம் நிற்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான சூடு ஏற வேண்டும். நடுவில் என்பதைக் கவனியுங்கள். பாக்கெட் ஒரு பக்கம் தடித்திருந்தால் கணக்கு கெட்டுவிடும். குளிரவைக்கும்போது நீராவி சட்டென்று அடங்கி, வெளி அழுத்தம் குறைந்து பாக்கெட் வெடிக்கும். அதனால் அந்த நேரத்தில் காற்றழுத்தம் கொடுத்துக்கொண்டே ஆறவிட வேண்டும். இந்த வசதி இல்லாத எந்திரத்தை யாராவது விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

சீரக சம்பா முழுதாக வெந்து உள்ளே போனால் வெளியே கஞ்சியாக வரும். முக்கால் பதத்தில், தண்ணீர் குறைத்து அடையுங்கள். எலும்பின் கூர்முனை பாக்கெட்டைக் குத்தும், எலும்பில்லாத கறிதான் நல்லது. ஆம்பூர்க்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. சூட்டையும் நேரத்தையும் நீங்களாக முடிவு செய்யக்கூடாது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) போன்ற இடத்தில் சோதித்து எழுதி வாங்குங்கள். இறைச்சி ஏற்றுமதிக்கு, வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான அபேடாவில் பதிவான ஆலை வேண்டும். எனவே முதலில் குஸ்காவை உள்ளூரில் விற்றுப் பாருங்கள்.

வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கோலி சோடா பாட்டிலுக்குள் கோலி எப்படி நிற்கிறது? மூடியே இல்லையே?

இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை வாங்கிய வேலை அது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள். கோலி வாய்ப்பக்கம் விழும், உள்ளேயிருக்கும் வாயு அழுத்தம் அதைக் கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். பிறகு எப்படி நிமிர்த்தினாலும் விழாது. சரக்கே தன் மூடியைப் பிடித்துக்கொள்கிறது.

போளூரிலிருந்து ஒரு கடலை வியாபாரி: மரச்செக்கா, எக்ஸ்பெல்லரா? எது போடலாம்?

எக்ஸ்பெல்லர் 1900-இல் அமெரிக்காவின் வலேரியஸ் ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற திருகு அழுத்தி. நிற்காமல் ஓடும், பிண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் எண்ணெயை மட்டும் விடும். செக்கு அதைவிட நிறைய விடும், மெதுவாக ஓடும், சூடு குறைவு, வாசனைக்கு விலை கிடைக்கும். வாடிக்கையாளரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதைப் போட்டாலும் பூஞ்சைக் கடலை உள்ளே போகக்கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்திலிருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது, அப்படித்தான் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. கலர் சார்ட்டர் நிறம் மாறிய பருப்பைக் கேமராவில் பார்த்துக் காற்றால் அடித்துத் தள்ளும். நல்ல எந்திரம்தான். ஆனால் நம் பக்கம் உடைக்கச் சுலபம் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள் பாருங்கள், பூஞ்சைக்கு விருந்து வைப்பதே அங்கேதான். அந்தப் பழக்கத்தை விட்டால் சார்ட்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

காட்பாடியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்: சார், புளியங்கொட்டை எடுக்கும் எந்திரம் செய்திருக்கிறோம். பேடண்ட் கிடைக்குமா?

புளியங்கொட்டை எடுக்கும் எந்திரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன தம்பி. எனவே 'கொட்டை எடுக்கும் எந்திரம்' என்று கேட்டால் கிடைக்காது. தெரிந்த பாகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்று 1970 காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு சொல்கிறது. நீங்கள் அனுப்பிய குறிப்பில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: புளி உருளையில் ஒட்டாமலிருக்க உருளையை அவ்வப்போது எதிர்த்திசையில் கால் சுற்று திருப்புகிறீர்கள். புதுசு என்று ஏதாவது இருந்தால் அதுதான். அதைச் சுற்றி எழுதுங்கள். எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை திருப்பினால் ஒட்டுவது எவ்வளவு குறைகிறது என்ற அளவுகளோடு எழுதுங்கள்.

முதலில் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்து, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்கலாம். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கிடைத்தால் 20 ஆண்டு உரிமை. தாக்கல் செய்கிற வரைக்கும் கல்லூரிக் கண்காட்சியில் வைக்காதீர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடாதீர்கள். ஊருக்கே காட்டியபின் அது புதுசு என்று சொல்ல முடியாது. எனக்கு அனுப்பிய குறிப்பை நான் யாருக்கும் காட்டவில்லை. இங்கேயும் உண்மையில் நீங்கள் எதைத் திருப்புகிறீர்கள் என்பதைச் சொல்லாமல், உருளை என்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.