எல்லாம் உம்மாலே கூடும்

கேள்வி: நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். சிறுவயதில் நான் தவறு செய்யும்போதெல்லாம், "கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார், தண்டிப்பார்" என்று அம்மம்மா சொல்லுவார். 2004 டிசம்பர் 26 அன்று, கல்முனையில் இருந்த என் பெரியம்மாவைக் கடல் கொண்டுபோனது. அப்போது எனக்கு 10 வயது. துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "இது கர்த்தருடைய கை" என்றார். இன்று ரயில் பாதைக்கு அப்பால் கடல் இரையும் வீட்டில் ஜெபிக்க முழங்காலிடும்போது, "தேவனாலே எல்லாம் கூடும்" என்ற வசனமே என்னை நடுங்கவைக்கிறது. எல்லாம் செய்யக்கூடியவர் எனக்கும் எதையும் செய்யலாம் அல்லவா? இந்தப் பயத்தோடு அவரை எப்படி நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரி, துக்க வீட்டில் அந்த மனிதர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதை நீங்கள் இத்தனை ஆண்டுகளாகச் சுமந்திருக்கத் தேவையில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசிய இயேசு, எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னார் (லூக்கா 13). 2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டுவெடிப்பில் உயிரிழந்தவர்கள், உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்காகவே அங்கு வந்திருந்தவர்கள். அவர்களுடைய சாவைத் தேவனுடைய தண்டனை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. உங்கள் பெரியம்மாவின் சாவையும் அவ்வாறே. கடல் ஏன் அவரை எடுத்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், பதில் தெரியாத இடத்தில் தண்டனை என்ற சொல்லை வைத்து நிரப்புவதும், குழந்தையை அடக்குவதற்குக் கர்த்தருடைய பெயரைப் பிரம்பாகப் பிடிப்பதும் தவறு என்றே நான் கருதுகிறேன். அம்மம்மா உங்கள்மீது வைத்திருந்த அன்பை நான் ஐயப்படவில்லை.

இனி, உங்கள் கேள்வியின் கடினமான பகுதி. தண்டனை என்ற எண்ணத்தை நீக்கிவிட்டாலும் வல்லமை அப்படியே நிற்கிறது. அதைச் சிறிதாக்கிக் காட்டி, பயப்பட எதுவுமில்லை என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. வேதாகமமும் அப்படிச் செய்வதில்லை.

முகத்துவாரத்தில் வயதான மீனவர் ஒருவர் கிழிந்த வலையைக் காலின் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவித் தேடி முடிச்சுப் போடுவதை ஒருமுறை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாரத்துக்கு வலை எங்கே கிழியும் என்பது அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் லூக்கா 5ஆம் அதிகாரத்துப் பேதுரு எனக்கு ஓரளவு விளங்கினார். இராமுழுவதும் ஒன்றும் அகப்படாத வலை, இயேசு சொன்னபடி மறுபடி போட்டதும் மீன்களால் கிழியத் தொடங்குகிறது. இரண்டு படகுகள் அமிழத்தக்கதாக நிரம்புகின்றன. தொழில் தெரிந்தவர் ஆகையால், இது கடலின் வழக்கமல்ல என்று அவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறார். அவர் நடுங்கியது அழிவைக் கண்டல்ல, தாம் எதிர்பார்த்ததற்கும் மேலாகக் கிடைத்த மீனைக் கண்டு என்பதைக் கவனியுங்கள். வாய் போகச் சொல்கிறது; உடலோ இயேசுவின் பாதத்தில் விழுந்து கிடக்கிறது. "பயப்படாதே" என்ற சொல், பயம் தீர்ந்த பிறகு அல்ல, அந்த நிலையில் கிடந்தபோதே அவருக்குக் கிடைத்தது. நீங்கள் நடுங்கிக்கொண்டே முழங்காலிடுவதாக எழுதியதை வாசித்தபோது இந்தக் காட்சிதான் என் நினைவுக்கு வந்தது.

உங்களை அச்சுறுத்தும் சொற்களையே இயேசுவும் ஜெபமாகச் சொல்லியிருக்கிறார். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவர் திகிலடைந்தார், மிகவும் வியாகுலப்பட்டார் என்று மாற்கு 14ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. அந்தத் திகிலின் நடுவே அவர் வாயிலிருந்து வந்தது, "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்ற ஜெபம். பாத்திரம் என்று அவர் சொன்னது, தமக்கு வரவிருந்த பாடுகளை. அவர் பேசிய அரமேய மொழியின் "அப்பா" என்ற சொல் நம் வீட்டுச் சொல்லாகவே ஒலிப்பதால், தமிழில் வாசிக்கிற நமக்கு அதன் நெருக்கத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் கூடும் என்பதை அறிந்திருந்தும், பாத்திரம் எடுக்கப்படாமல் போகலாம் என்பதை அறிந்திருந்தும், அவர் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. பாத்திரம் எடுக்கப்படவும் இல்லை. ஆகவே, நம்பினால் கெட்டது எதுவும் நேராது என்ற உறுதியை நான் உங்களுக்குத் தர முடியாது. அப்படித் தருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் நம்பும்படி அழைக்கப்படுவது முகம் தெரியாத ஒரு வல்லமையை அல்ல. தம் மகனின் திகிலைக் கேட்டிருந்தவரை, மூன்றாம் நாளில் அவரைக் கல்லறையிலிருந்து எழுப்பியவரை.

இன்றிரவு கடல் இரையும்போது, பயமில்லாதவர்போல் ஜெபிக்க முயல வேண்டாம். "உமக்கு நான் பயப்படுகிறேன்" என்பதையே முதலில் சொல்லுங்கள். பிறகு தோட்டத்து ஜெபத்துக்கு வாருங்கள். "அப்பா" என்ற சொல் வர மறுத்தால், அதை விட்டுவிட்டு "எல்லாம் உம்மாலே கூடும்" என்பதிலிருந்து தொடங்குங்கள். அதை நீங்கள் ஏற்கெனவே முழு மனதோடு நம்புகிறீர்கள். முதற்சொல் எப்போது வருகிறதோ அப்போது வரட்டும்.