உலோக பைண்டிங் வாங்கலாமா?

கேள்வி: பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் பைண்டிங், முழுக்க உலோகமாக இருந்தால்தான் நீண்ட நாள் உழைக்கும் என்கிறார்கள் என் நண்பர்கள். உண்மையா?
– ஒரு வாசகர், விஸ்லர், கனடா

பதில்: உழைக்கும், சரி. ஒரு ஜனவரிக் காலை, பனி கல்லாய் இறுகிக் கிடந்தபோது, என் பழைய பைண்டிங்கின் பிளாஸ்டிக் முன்பகுதியில் நகத்தளவு துண்டு தெறித்துப்போனது. விரலால் தடவினால் உள்ளே மயிரிழை போல இன்னொரு விரிசல். அப்புறம் லுக் பிவட் 15 என்ற பைண்டிங்கை வாங்கினேன். முன்பகுதி உலோகம், குதிகால் பகுதி காலோடு சேர்ந்து திரும்பும். கொஞ்சம் கனம்தான், ஆனால் பாறை மேட்டிலிருந்து குதிப்பவர்கள் இதையே தேடுவது நியாயம்.

உங்களுக்கு? அதன் விடுவிப்பு அளவு, அதாவது எவ்வளவு விசை பட்டால் பூட்ஸைக் கழற்றிவிடும் என்பதைக் குறிக்கும் எண், 6 முதல் 15 வரை. எடை குறைந்தவர்களுக்கும் புதியவர்களுக்கும் 6-க்குக் கீழே தேவைப்படலாம். அப்படிப்பட்டவர் விழும்போது பூட்ஸ் கழலாவிட்டால் கால் எலும்பு முறியலாம். ஆகவே எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், சறுக்கும் விதம் எல்லாம் சொல்லிக் கடையில் முதலில் அளவைக் கேளுங்கள்.